முழங்காலுக்குக் கீழே வெளிச்சம்

எனக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது என்று ஒரு மார்கழியில் பதினோரு நாள் நம்பினேன். சும்மா சந்தேகப்பட்டேன் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் சந்தேகப்படுகிறவன் வீட்டுக்குள் கண்ணை மூடிக்கொண்டு நடந்து பழக மாட்டான். நான் பழகினேன். படுக்கையறையிலிருந்து சமையலறை வரை பதினான்கு தப்படி. இன்றும் மறக்கவில்லை.

தொண்ணூறுகளின் கடைசி அது. பகலில் தரமணியில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் நூலகத்தில் உத்தியோகம். டிசம்பர் வந்தால் சாயங்காலங்களில் மயிலாப்பூரில் ஒரு சபாவில் தொண்டன். தொண்டன் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. விளக்கை அணைத்த பிறகு வருகிறவர்களின் டிக்கெட்டை வாங்கி, டார்ச் அடித்து எண்ணைப் படித்து, அவர்களை நாற்காலியில் கொண்டுபோய் உட்காரவைக்க வேண்டும். பதிலுக்குக் கூடத்துக்குள் நடைபாதை ஓரத்தில் நின்றபடி கச்சேரி கேட்கலாம், கேண்டீனில் காபி உண்டு. அந்த நடைபாதை என்னுடையது. ஆறு வருஷமாக வேறு யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

எங்கள் காரியதரிசிக்கு ஒரே ஒரு சட்டம்தான். வெளிச்சம் முழங்காலுக்கு மேலே போகக் கூடாது. மேலே போனால் ரசிகர்களின் முகத்தில் அடிக்கும், மேடையில் பாடுகிறவருக்குக் கண் கூசும், ஆலாபனை கலையும். இதனால் எனக்கு மயிலாப்பூரில் பாதிப்பேரை முழங்காலுக்குக் கீழேதான் தெரியும். இருட்டில் தம்புரா ஒலித்துக்கொண்டிருக்கும். மல்லிகையும் ஈரக்குடையும் கலந்த ஒரு வாசனை கூடத்தில் மிதக்கும். என் டார்ச்சின் வட்டம், தண்ணீரில் விழுந்த நிலா மாதிரி, தரையில் நழுவிப் போகும். அதற்குள் ஒரு மெட்டி வரும், ஒரு பட்டுக்கரை வரும், வெளிநாட்டிலிருந்து வந்தவரின் வெள்ளை சாக்ஸ் வரும், தாளம் போடுகிற ஒரு கட்டைவிரல் வரும். வந்து, மறுபடி இருட்டுக்குள் போய்விடும். பாட்டு மேலேயிருந்தும் கால்கள் கீழேயிருந்துமாக வந்துகொண்டிருக்க, நான் நடுவில் எங்கேயோ மிதந்துகொண்டிருப்பேன். கச்சேரி முடிந்து விளக்குப் போட்டதும் அந்தக் கால்களுக்கெல்லாம் தலை முளைத்துவிடும். எனக்குக் கொஞ்சம் வருத்தமாக இருக்கும்.

டார்ச்சில் வெளிச்சத்தைக் கூட்டக் குறைக்கத் திருகு எதுவும் அப்போது கிடையாது. எத்தனை செல், எந்த பல்பு, இந்த இரண்டில்தான் எல்லாம். சபா எங்களுக்குக் கொடுத்தது சட்டைப்பையில் பாதி வெளியே நிற்கிற இரண்டு செல் டார்ச். எதிர்ப்பக்கத்து நடைபாதைக்காரர் சொந்தமாக மூன்று செல் டார்ச் ஒன்று கொண்டுவந்தார். முதல் நாளே காரியதரிசி அதைப் பிடுங்கி, மெரினாவில் கலங்கரை விளக்கம் ஏற்கெனவே ஒன்று இருப்பதாகச் சொல்லி மேஜை டிராயரில் பூட்டிவிட்டார். எனக்கு அந்த டார்ச்சின் மேல் உள்ளூரப் பொறாமை.

சீசன் தொடங்கிய வாரத்தில் என் டார்ச் கீழே விழுந்து பல்பு போய்விட்டது. அதுதான் சமயம் என்று பாண்டி பஜாருக்குப் போனேன். நடைபாதையில் பல்பு, செல், ரிமோட் உறை எல்லாம் பரப்பி வைத்திருந்த ஒருவர் டார்ச்சை வாங்கிப் பார்த்தார்.

"எத்தினி செல்லு சார் இது? ரெண்டா? இந்தா, இத்தப் போடு."

அவர் நீட்டிய பல்பின் கழுத்தில் பொடியாக ஏதோ எண். பக்கத்துப் பெட்டியில் அதைவிடப் பெரிய எண் போட்ட பல்புகள் இருந்தன. டார்ச் சின்னதாகவே இருக்கட்டும், வெளிச்சம் மட்டும் பெரிதாக வரட்டும் என்று கணக்குப் போட்டு, அதைக் கேட்டேன்.

"ரெண்டு செல்லுக்கு இதுவே போதும் சார்."

"உங்க கிட்ட போதுமான்னா கேட்டேன்?" என்றேன், நூலகத்தில் பாக்கிப் புத்தகம் கேட்கிற குரலில்.

"உன் இஷ்டம் சார்" என்று காகிதத்தில் மடித்துக் கொடுத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் பல்பைப் போட்டு அழுத்தினேன். வெளிச்சம் வந்தது. ஆனால் தரையில் விழுந்து, விழுந்த இடத்திலேயே படுத்துக்கொண்டது. வெல்லப்பாகு நிறத்தில் ஒரு வட்டம். டிக்கெட்டைக் கீழே பிடித்துப் பார்த்தால் எண்கள் எல்லாம் எறும்பு மாதிரி நகர்ந்தன. மறுநாள் இரண்டு புது செல் வாங்கிப் போட்டேன். அப்போதும் அதே வெல்லப்பாகு.

நியாயமான மனிதனாக இருந்தால் டார்ச்சைச் சந்தேகித்திருப்பான். நானும் சந்தேகிக்கத்தான் இருந்தேன். அதற்குள் காரியதரிசி வந்துவிட்டார். என் டார்ச்சை வாங்கித் தரையில் அடித்துப் பார்த்தார். மற்றத் தொண்டர்களைக் கூப்பிட்டார்.

"எல்லாரும் பாத்துக்கோங்கோ. இதான் வெளிச்சம். உறுத்தறதா? பாடறவாளுக்கும் தெரியாது, கேக்கறவாளுக்கும் தெரியாது."

காட்டுகிறவனுக்கும் தெரியாது என்று நான் சொல்லவில்லை. எல்லோரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். எதிர்ப்பக்கத்துக்காரர் கூட ரொம்ப இதமாக இருக்கிறது என்றார். அப்போதுதான் எனக்கு நிச்சயமாயிற்று. ஊருக்கே போதுமான வெளிச்சம் எனக்கு மட்டும் போதவில்லை என்றால் பழுது டார்ச்சில் இல்லை. கல்லூரி நாளிலிருந்தே கண்ணாடி போட்டவன். தூரத்துப் பார்வையை அப்போதே கொடுத்தாயிற்று, மிச்சமும் இப்போது கிளம்பிவிட்டது.

மூன்றாம் நாள் விபத்து நடந்தது. ஒரு தம்பதியின் டிக்கெட்டில் பதின்மூன்று, பதினான்கு என்று இருந்தது. என் கண்ணுக்குப் பதினெட்டு, பத்தொன்பது. பதினெட்டில் ஏற்கெனவே ஆள். வரிசை முழுக்க எழுந்து, நகர்ந்து, உட்கார்ந்து, மறுபடி எழுந்தது. மேடையில் ஆலாபனை உச்சத்தில் இருந்தது. அந்த மாமி என் காதருகே குனிந்து, "வழி காட்டறவருக்கு ஒருத்தர் வழி காட்டணும் போலிருக்கே" என்றாள். இடைவேளையில் காரியதரிசி கூப்பிட்டனுப்பினார். இன்னொரு தடவை இப்படி நடந்தால் நான் வாசலில் ஸ்கூட்டர்களுக்கு டோக்கன் கொடுக்கப் போகலாம், அங்கே தெருவிளக்கு இருக்கிறது என்றார்.

அதற்குப் பிறகு நான் பொன்னாங்கண்ணிக்கு மாறினேன். காலையில் பொரியல், மதியம் மசியல், இரவு சூப். அலுவலகப் பையில் காரட். அடையாறு மார்க்கெட்டில் கீரைக்கார அம்மா என்னைப் பார்த்ததும் கட்டை எடுத்து வைக்கிற அளவுக்குப் போயிற்று. சபா இல்லாத ஒரு மாலை பெசன்ட் நகர் கடற்கரையில் போய் உட்கார்ந்தேன். நீலம் கறுப்பாகிற நேரம். அடிவானத்தில் கப்பல் விளக்குகள் ஒவ்வொன்றாக முளைத்தன. எண்ணினேன். ஏழு. சந்தோஷமாக இருந்தது. பிறகுதான், நிஜத்தில் எத்தனை கப்பல் நிற்கிறது என்று யாரிடம் கேட்பது என்ற யோசனை வந்தது. பக்கத்தில் சுண்டல் விற்றவரிடம் கேட்டேன். அவர் கடலைப் பார்க்காமல் என்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பொட்டலம் வேணுமா வேணாமா என்றார். அலை வந்து மணலில் வெள்ளையாக ஒரு கோடு போட்டு, அதையே அழித்துக்கொண்டு போயிற்று. அதையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டேன். பின்னால் உதவும் என்று.

பகலில் நூலகத்தில் புத்தக முதுகில் ஒட்டிய பொடி எண்களைத் தடங்கலில்லாமல் படித்துக்கொண்டிருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதற்கும் பதில் வைத்திருந்தேன்: பகல் கண் வேறு, இருட்டுக் கண் வேறு.

வீட்டில் ஒத்திகை தொடங்கியது அந்த வாரம்தான். ஒன்பதாம் தப்படியில் ஃப்ரிட்ஜ் குறுக்கிட்டது. அதைத் தடவி அடையாளம் கண்டுகொண்டிருந்தபோது மனைவியின் குரல் கேட்டது.

"ஏன்னா, கண்ண மூடிண்டு என்ன பண்றேள்?"

"தியானம்."

"ஃப்ரிட்ஜையா?"

கண்ணைத் திறக்கவில்லை. திறந்தால் அவள் முகம் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மச்சினன் அமெரிக்காவிலிருந்து வந்தான். சாவிக்கொத்தில் ஒரு வேர்க்கடலை அளவு சாமான். "எல்.இ.டி., அத்திம்பேர். இதுல பல்பே கிடையாது" என்று ஒரு அமுக்கு அமுக்கினான். நீலம் கலந்த வெள்ளையாக, குளிர்ந்த ஒரு வெளிச்சம் பீரோவின் மேல் விழுந்தது. வாங்கிக்கொண்டு இருட்டறைக்குள் போனேன். பழைய கச்சேரி டிக்கெட் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். எண் தெரிந்தது. பின்பக்கத்தில் அச்சகத்தின் விலாசம் கூடத் தெரிந்தது. அந்த நீல வட்டத்தில் என் உள்ளங்கை ரேகைகள் ஒவ்வொன்றும் ஆற்றுப்படம் மாதிரி தெரிந்தன.

வேறு எவனாக இருந்தாலும் அங்கேயே உட்கார்ந்து சிரித்திருப்பான். நான் கணக்குப் போட்டேன். ஆக, நீல வெளிச்சம் மட்டும்தான் என் கண்ணில் மிச்சம். மஞ்சள் போய்விட்டது. அடுத்தது சிவப்பாக இருக்கலாம். வெளியே வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், பதினான்கு தப்படி உட்பட. அவள் சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. உடனே தொலைபேசியில் லஸ் பக்கத்தில் கண் டாக்டரம்மாவிடம் நேரம் வாங்கினாள்.

டாக்டரம்மா இருட்டறையில் உட்காரவைத்து, பலகையில் கடைசி வரி வரை படிக்கச் சொன்னார். படித்தேன். கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். நிறப்புள்ளிகள் போட்ட புத்தகத்தைக் காட்டினார். எல்லாப் பக்கத்திலும் எண் தெரிந்தது. பேனாவைக் கீழே வைத்தார்.

"எங்கெங்கே தெரியலை உங்களுக்கு?"

"சபாவுல மட்டும்."

"சபாவுல மட்டும் கண் தெரியலையா? யார் கச்சேரி?"

மனைவி முதல் தடவையாகச் சிரித்தாள். டாக்டரம்மா அந்த டார்ச் கையில் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. சாட்சிக்காகக் கொண்டுபோயிருந்தேன். அழுத்திப் பார்த்தார். தன்னுடைய பேனா டார்ச்சைப் பக்கத்தில் வைத்து அதையும் அழுத்தினார். சுவரில் இரண்டு வட்டம் விழுந்தது, ஒன்று பால், ஒன்று வெல்லப்பாகு. என் டார்ச்சின் தலையைத் திருகிக் கழற்றி, பல்பை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"கழுத்துல எழுதியிருக்கு பாருங்க. படிங்க."

கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டு, மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தேன். அதைவிடப் பொடி எழுத்தை நான் வாழ்நாளில் படித்ததில்லை. துளிகூட நகரவில்லை.

"மூணு. புள்ளி. எட்டு."

மூன்று செல் டார்ச்சுக்குப் போடுகிற பல்பு அது. என் டார்ச்சில் இருந்தது இரண்டு செல்; அதில் அது மங்கலாகத்தான் எரியும். அன்று மாலை பாண்டி பஜாரில் அதே ஆளிடம் போய், அவர் முதலில் நீட்டிய இரண்டரை வோல்ட் பல்பை வாங்கிப் போட்டேன். சபாவில் எல்லா எண்ணும் தெரிந்தது. காரியதரிசி வந்து வெளிச்சம் அதிகம், டார்ச்சின் கண்ணாடியில் காகிதம் ஒட்டு என்றார். ஒட்டினேன்.