பதினொரு மணிக் கந்தகம்

மூன்று வாரங்களுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு, எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒரு பூசணிக் கொடி கொலை செய்யப்பட்டது. செய்தவர் என் கணவர். ஆயுதம், கந்தகம். நான் காபி டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்று வேடிக்கை பார்த்தேன்.

இந்தப் பக்கத்தை வாரா வாரம் படிப்பவர்களுக்கு என் கணவரைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு மட்டும் சொல்கிறேன். எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் இருபத்தேழு வருடம் ஃபோர்மேன். அவர் பார்வையில் இருந்த ஷெட்டில் ஒருவர் கையில்கூட ஒரு கொப்புளம் வந்ததில்லை. வீட்டில் நான் கேஸ் லைட்டரை எடுத்தால், சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ம்... பத்த வை" என்று அனுமதி கொடுப்பார். அப்படிப்பட்ட மனிதர்.

என் மாடித் தோட்டத்தைப் பற்றியும் எழுதித் தீர்த்திருக்கிறேன். மண்புழு உரம், பஞ்சகவ்யம், விஷமில்லாத காய்கறி, உடம்புக்கு நல்லது, மனசுக்கு நல்லது... எல்லாம் உண்மைதான். ஆனால் நான் தோட்டம் போட்டதற்குக் காரணம் அதில் ஒன்றுமே இல்லை. இன்றைக்கு ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: அவரை அந்தக் கம்பெனியிலிருந்து வெளியே இழுப்பதற்காகத்தான் அத்தனை செடியும்.

நேராகக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்காமல் இருந்தேனா? "தீபாவளி முடியட்டும்" என்பார். தீபாவளி முடிந்தால், "அடுத்த சீசனுக்கு ஆர்டர் வாங்கிட்டாக" என்பார். சிவகாசியில் சீசன் முடிகிறது என்று ஒன்று உண்டா என்ன? கெஞ்சினேன். அழுதேன். இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தேன். அதை அவர் கவனிக்கவே இல்லை. ஒவ்வொரு நாளும் அவர் சாயங்காலம் கம்பெனி வேனிலிருந்து இறங்கும்வரை எனக்கு எந்த வேலையும் ஓடாது. இருபத்தேழு வருடமாக அப்படித்தான்.

நான்கு வருடத்துக்கு முன்புதான் புத்தி வந்தது. ஒரு வேலையை விடச் சொன்னால் எந்த ஆம்பளையும் விட மாட்டார். இன்னொரு வேலையைப் பிடித்துக்கொள்ள வைத்தால், முதல் வேலை தானாகக் கைநழுவும். ஆறு பெயிண்ட் வாளியில் கத்தரி நட்டேன். "இந்தச் சொட்டு நீர்க் குழாயை எப்பிடி மாட்டணும்னு புரியலைங்க" என்றேன். மாட்டிக் கொடுத்தார். அடுத்த வாரம் அவராகவே மேலே போய், தண்ணீர் சரியாகச் சொட்டுகிறதா என்று பார்த்தார். மீன் தூண்டிலைக் கடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால், இதில் எனக்கு எதிரிகள் யார் தெரியுமா? முதலாளி இல்லை. மாவுப்பூச்சி, அசுவினி, வெள்ளை ஈ. ஒரு செடி செத்தால் அவருடைய ஆசையும் கொஞ்சம் சாகும். "நமக்கெதுக்கு இந்த வேலை" என்று முனகிக்கொண்டே கீழே இறங்கிவிடுவார். அதனால் ஒரு செடியையும் சாக விடக் கூடாது. வேப்பெண்ணெய், சோப்புத் தண்ணீர், புளித்த மோர் என்று பத்து நாளைக்கு ஒரு முறை மாடி முழுக்கத் தெளித்தேன்.

வெள்ளை ஈக்கு மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவிக் கட்டினால் வந்து ஒட்டிக்கொள்ளும் என்றார்கள். அச்சாபீஸ் ஊரில் மஞ்சள் அட்டைக்குப் பஞ்சமா? ஒரு கட்டு கழிவு அட்டை சும்மாவே கொடுத்தார்கள். கொண்டுவந்து பிரித்தால், எல்லாம் காலண்டர் அட்டை. ஒவ்வொன்றிலும் முருகன், பாதி முகத்தோடு. அவர் மேல் எண்ணெய் தடவி ஈயை ஒட்ட வைக்க எனக்கு மனசு வரவில்லை. திருப்பிக் கட்டினேன். பின்பக்கம் வெள்ளை, வெள்ளைக்கு ஈ வராதாம். முருகன் சுத்தமாக இருந்தார். வெண்டை போய்விட்டது.

போதாததற்கு இந்த வானிலை. தை மாதம் வரக் கூடாத மழை வந்தது. சித்திரையில் வர வேண்டிய வெயில் மாசியிலேயே வந்து உட்கார்ந்துகொண்டது. பகலெல்லாம் சுடும், விடியற்காலையில் பனி கொட்டும். செடி எதைத்தான் தாங்கும்? அதனால் சில சமயம் ஒரு தில்லுமுல்லு செய்ய வேண்டியிருந்தது. செத்த செடியைப் பிடுங்கிவிட்டு, நர்சரியில் அதே மாதிரி ஒன்றை வாங்கி, அவர் வேன் வருவதற்குள் நட்டுவிடுவேன். "நேத்து இது வாடிக் கெடந்துச்சே?" என்பார். "தண்ணி ஊத்துனேன், நிமுந்துக்கிடுச்சு" என்பேன். நம்பிவிடுவார்.

இத்தனை பாடும் வீண் போகவில்லை. இந்தப் பங்குனிக் கடைசியில் கம்பெனியிலிருந்து நின்றார். முதலாளி லேசில் விடவில்லை. "ஒரு மாசம் ரெஸ்ட் எடுங்க, பொறவு பேசிக்கிடுவோம்" என்றாராம். அதாவது, கதவைச் சாத்தினார், தாழ்ப்பாள் போடவில்லை. அந்த ஒரு மாதத்துக்குள் தாழ்ப்பாளைப் போட வேண்டியது என் பொறுப்பு.

நம்பிக்கை கொடுத்தது பூசணிதான். அது முழுக்க அவர் வளர்த்தது. தையில் விதை போட்டு, பந்தல் கட்டி, காலையில் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தேய்த்து... மூன்று பிஞ்சு பிடித்திருந்தது. ஒன்று தேங்காய் அளவுக்கு வந்துவிட்டது. அதைத் தட்டிப் பார்க்கும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

அப்போதுதான் இலையெல்லாம் வெள்ளையாக மாவு பூத்தது. சாம்பல் நோய். நான் மோர்ச் சட்டியை எடுத்தேன்.

"மோரா?" என்று சிரித்தார். "இதுக்குக் கந்தகம்தான் மருந்து."

"உரக்கடையில ஒரு வார்த்தை கேட்டுக்கிடலாமே..."

"கந்தகத்தைப் பத்தி எனக்கே பாடமா?"

நியாயமான கேள்விதான். உரக்கடையில் ஒரு பாக்கெட் கந்தகத் தூள் வாங்கிவந்தார். பாக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் என்னவோ போட்டிருந்தது. கந்தகப் பாக்கெட்டைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய ஆளா அவர்? இருபத்தேழு வருடமாக விடியலில் எழுந்தவர், இப்போதாவது நிதானமாக எழட்டும் என்று நானும் எழுப்பவில்லை. இட்லி சாப்பிட்டு, பேப்பரை முழுக்கப் படித்து, மேலே போனபோது மணி பதினொன்று. துணியில் மூட்டை கட்டி, இலை இலையாகத் தட்டித் தூவினார். கைவேலை அத்தனை சுத்தம். ஒரு சிட்டிகை தரையில் விழவில்லை.

மறுநாள் இலை ஓரங்கள் பழுப்பாயின. மூன்றாம் நாள் கொடி முழுவதும் பொரித்த அப்பளம் மாதிரி ஆனது. தொட்டால் நொறுங்கியது. பிஞ்சுகள் மூன்றும் உதிர்ந்து கிடந்தன.

இரண்டு பேரும் ஒரு கருகிய இலையோடு உரக்கடைக்குப் போனோம். கடைக்கார அண்ணாச்சி இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எத்தன மணிக்குத் தூவுனீக?"

"பதினொண்ணு இருக்கும்" என்றார் என் கணவர்.

"பூசணிக்கே கந்தகம் அம்புட்டா ஆகாது அண்ணாச்சி. அதுலயும் இந்த வெயிலுல பதினோரு மணிக்கா? செடிக்கு எதை அடிச்சாலும் வெயிலு ஏறுமுன்னே அடிக்கணும். பாக்கெட்டுல போட்டுருக்கே, பாக்கலியா? ஆமா, நீங்க என்ன வேலை பாக்குறீக?"

என் கணவர் விதைப் பாக்கெட்டுகளை உன்னிப்பாகப் பார்க்கத் தொடங்கினார். நான்தான் சொன்னேன். அண்ணாச்சி சிரிக்கவில்லை. இந்த ஊரில் அதற்கு யாரும் சிரிக்க மாட்டார்கள்.

ஏன் தெரியுமா? கம்பெனியிலும் அதுதான் சட்டம். வெடிமருந்துக் கலவை வேலை எல்லாம் வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிட வேண்டும். அதற்காகத்தான் ஆறரை மணிக்கே வேன் வருகிறது. "இன்னும் ஒரு தட்டு மருந்துதான் அண்ணாச்சி" என்று கேட்டவர்களையெல்லாம் எழுப்பி வெளியே அனுப்பியவர் இவர். அந்த மனிதர்தான் சித்திரை வெயிலில் பதினொரு மணிக்கு மாடியில் கந்தகத்தோடு நின்றிருக்கிறார்.

வீட்டுக்கு வந்ததும் நான், "நர்சரியில பூசணிக் கன்னு இருக்கு. வாங்கியாரவா?" என்றேன்.

"இதையும் மாத்தி வைக்கப் போறியா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"நாலு வருசமா பாத்துக்கிட்டுத்தான இருக்கேன். முள்ளுக் கத்திரி ஒரே நாளையில முள்ளு உதுந்து நிக்குமா? நீ எதுக்குச் செய்யுறேன்னும் தெரியும்." செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார். "ஆனா எனக்கு இது வராது தனம். தெரிஞ்ச வேலையப் பாக்குறேன். திங்கக்கெளம வேன் வரச் சொல்லிட்டேன்."

நான்கு வருட உழைப்பு, ஒரு பொட்டலம் கந்தகத்தில் போய்விட்டது. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. எப்போதும் யோசித்து யோசித்துப் பேசுகிறவள், அன்றைக்கு யோசிக்காமல் கேட்டுவிட்டேன்.

"கந்தகம் உங்களுக்குத் தெரிஞ்ச பொருள்தான? தெரிஞ்ச பொருள்னு நெனச்சுத்தான பாக்கெட்டைப் படிக்காம விட்டீக?"

அவர் தட்டில் போட்ட சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோனார். சொல்லியிருக்கக் கூடாதோ என்று அன்று முழுக்க எனக்கே உறுத்தியது. ஆனால் யோசித்துப் பாருங்கள். தெரியாதவன் பயந்து பயந்து கையை வைப்பான். எல்லாம் தெரிந்தவனுக்குத்தானே ஒரு நாள் பயம் விட்டுப்போகிறது? நான் இத்தனை வருடம் பயந்தது அந்த ஒரு நாளைத்தான். அது மாடியில் வந்ததே, அந்த மட்டுக்கும் நல்லது.

திங்கட்கிழமை. ஐந்தரைக்கு எழுந்து பார்த்தால், பக்கத்தில் ஆள் இல்லை. மாடியில் இருந்தார். கத்தரி இலைகளைத் திருப்பித் திருப்பி, வேப்பெண்ணெயில் நனைத்த துணியால் மாவுப்பூச்சியைத் துடைத்துக்கொண்டிருந்தார். வேலைக்குப் போகும் சட்டையைப் போட்டிருந்தாரா, வீட்டுச் சட்டையா என்று அந்த அரையிருட்டில் எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயம். கீழே வந்து டிபன் பாக்ஸில் சோற்றைப் போட்டு மூடிவைத்தேன்.

ஆறரைக்கு வேன் வந்து ஹாரன் அடித்தது. இரண்டாவது முறையும் அடித்தது.

"மணி, நீ போ" என்று மாடியிலிருந்து டிரைவருக்குக் குரல் கொடுத்தார். "இங்கன பாதி வேலையில நிக்கேன். வெயிலு ஏறிட்டா செய்ய முடியாது."

அரை மணி நேரத்தில் முதலாளியின் போன். ஒன்பது மணிக்கு மேலாவது வந்துவிட்டுப் போகச் சொல்லியிருப்பார் போல.

"ஒம்போது மணிக்கு மேல அங்கன வந்து நான் என்னத்த அண்ணாச்சி செய்ய?" என்றார் இவர். "வேலை அம்புட்டும் காலையிலதான. காலையில எனக்கு இங்கன வேலை இருக்கு. இனிமே வரல."

டிபன் பாக்ஸைத் திறந்து, அந்தச் சோற்றைத் தட்டில் போட்டு வைத்தேன்.

ஜெயித்துவிட்டேன் என்று நினைக்கிறீர்களா? ஃபோர்மேன் கம்பெனியைத்தான் விட்டார். ஃபோர்மேன் வேலையை விடவில்லை. இப்போது மாடிக்குக் கம்பெனி ஷெட்டின் சட்டதிட்டம் வந்துவிட்டது. செருப்பைப் படிக்கட்டிலேயே விட வேண்டும். செல்போன் மேலே வரக் கூடாது. ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு மேல் நிற்கக் கூடாது. வீட்டில் இருப்பதே இரண்டு பேர்தான். நைலக்ஸ் சேலையோடு வெண்டைக்காய் பறிக்கப் போனேன் என்று என்னைத் திருப்பி அனுப்பினார். பருத்திச் சேலையில்தான் வர வேண்டுமாம். வெண்டைக்காய் வெடிக்குமா என்று கேட்டேன். "பழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல" என்றார்.

இந்தப் புதன்கிழமை பிற்பகல், மூன்று மணி இருக்கும். மேற்கே பெரிதாக ஒரு சத்தம். ஜன்னல் அதிர்ந்தது.

எங்கள் தெருவில் அந்தச் சத்தத்துக்கு என்ன நடக்கும் என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. யாரும் கத்த மாட்டார்கள். எல்லா வீட்டுக் கதவும் திறக்கும். எல்லாப் பெண்களும் காதில் போனோடு வாசலுக்கு வந்து மேற்கே பார்ப்பார்கள். எந்தக் கம்பெனி, எந்தப் பக்கம் என்று ஒருவரும் வாய்விட்டுக் கேட்க மாட்டோம். நானும் ஓடிவந்தேன். கை தானாகவே அவர் நம்பரை அழுத்திவிட்டது.

எங்கள் வீட்டுக்குள்ளேயே மணி அடித்தது.

மாடிப் படிக்கட்டில், அவர் செருப்புக்குப் பக்கத்தில் வைத்திருந்த போன். நான் வாசலில் நின்றபடியே அது அடிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கைப்பிடிச் சுவரிலிருந்து அவர் எட்டிப் பார்த்து, "இடிதான். மழை வருது, சாக்க எடுத்துக்கிட்டு மேல வா" என்றார். அப்படியே வாசற்படியில் உட்கார்ந்தேன். நிம்மதி என்றால் அப்படி ஒரு நிம்மதி. நிமிர்ந்து பார்த்தால், பக்கத்து வீட்டுச் செல்வி இன்னும் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள். அவள் வீட்டுக்காரரும் பட்டாசுக் கம்பெனிதான். ரிங் போகிறது, எடுக்கவில்லை. எனக்கு என் நிம்மதியை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. எழுந்துபோய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஐந்தாவது முறை எடுத்தார். "இங்கனயும் இடிதான் புள்ள, லோடு ஏத்திக்கிட்டு இருந்தோம்" என்றார். முதல் துளி மழை அப்போதுதான் விழுந்தது.

மறுநாள் காலை செல்விக்கு இரண்டு கத்தரிக் கன்று கொண்டுபோய்க் கொடுத்தேன். சொட்டு நீர்க் குழாயை மாட்டத் தெரியவில்லை என்று அவள் வீட்டுக்காரரிடம் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.