வீடு தேடி வந்த திருத்தம்

ஆரோக்கியசாமி அண்ணன் போய்விட்டார் என்ற செய்தி, அவரே நடத்திவந்த எங்கள் ‘காலை ரயில்’ வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. மாரடைப்பாம். யாரும் இரங்கல் போடவில்லை. “யார் சொன்னது? நேர்ல பார்த்தீங்களா?” என்றுதான் வரிசையாகக் கேட்டோம். அப்படிக் கேட்க எங்களைப் பழக்கியவரே அவர்தான். அவருடைய மகள் எழுதிய பிறகுதான் நம்பினோம்.

திண்டிவனத்தில் ஏறித் தாம்பரத்துக்கு வேலைக்குப் போனவர். நான் அதற்கு முன்பே விழுப்புரத்தில் ஏறிவிடுவேன். வண்டி எங்கே வருகிறது என்று தினமும் குழுவில் போடுவார். அதற்கு முன் எனக்குப் போன் வரும். “வண்டி கெளம்பிடுச்சின்னு கேள்விப்பட்டியாம்மா, இல்ல உள்ள குந்திக்கினு சொல்றியா?” எரிச்சலாக இருக்கும். ஆனால் அவர் சொன்ன நேரம் பிசகியதே இல்லை.

கொரோனாவில் ரயில் நின்றது, குழு நிற்கவில்லை. கஷாயமும் வதந்தியுமாகக் கொட்டியது. அண்ணன் ஒவ்வொன்றுக்கும் மல்லுக்கு நின்றார். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்களே, ஒருநாள் அவரும் சறுக்கினார். தடுப்பூசி போட்ட மறுநாளே கெடாரில் ஒருவர் இறந்துவிட்டதாக மச்சான் பேசிய குரல் பதிவை, சொந்த மச்சான்தானே என்று அப்படியே அனுப்பிவிட்டார்.

அதை அம்மாவுக்குப் போட்டுக் காட்டியவள் நான்தான். அம்மாவுக்கு வீசிங் உண்டு. ஊசியே வேண்டாம் என்று உட்கார்ந்துவிட்டாள். இரண்டு நாள் கழித்து, அது பொய் என்று அண்ணன் திருத்தம் போட்டார். அம்மா மசியவில்லை.

“ரயிலு விஷயத்துல ஒரு நாளாவது தப்பா சொல்லிக்கிறாரா அந்த மனுஷன்? யாரோ மிரட்டி மாத்திப் போடச் சொல்லிக்கிறாங்க.”

அண்ணனிடம் போனில் அழுதேன். மறுநாள் காலை கோலியனூரில் எங்கள் வாசலில் அவருடைய பைக் நின்றது. முகக்கவசத்தோடு வெளியிலேயே நின்றார்.

“அம்மா, நான் அனுப்புனது தப்புமா. கெடாருக்கே போயி அந்த வீட்டுல கேட்டேன். அவரு ஊசியே போட்டுக்கல. விசாரிக்காம அனுப்பிட்டேன்.”

அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “அப்ப ரயிலு சொன்னதெல்லாம்?”

“அது விசாரிச்சி சொன்னதுமா.”

“இதையும் விசாரிச்சிருக்கணும் இல்ல?”

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். எனக்குப் பாவமாக இருந்தது.

“சரி, இருங்க. பொடவ மாத்திக்கினு வர்றேன்” என்றாள் அம்மா.

அன்றே ஊசி போட்டுக்கொண்டாள். அதே போல இன்னும் சில வீடுகளுக்கும் அண்ணன் போனாரென்று பிறகு தெரிந்தது. அடுத்த அலையில் எங்கள் வீட்டில் எல்லோரும் படுத்தோம். அம்மாவும் பிழைத்து எழுந்தாள்.

அடக்கத்துக்கு அம்மாவும் வந்தாள். அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “இத்தினி வயசுல எங்கிட்ட வந்து ‘நான் செஞ்சது தப்பு’ன்னு சொன்ன ஒரே ஆம்பள இவருதாம்மா. எங்க வூட்டுக்காரரு கூட சொன்னதில்ல.”

அண்ணனிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த வார்த்தையைத்தான். வாயில் இன்னும் சுலபமாக வரவில்லை. நேற்று, என்ன ஏதென்று கேட்காமல் திட்டிவிட்ட என் மகளின் அறைக்கு வெளியே நின்று, “நான் சொன்னது தப்புடி” என்றேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கதவைத் திறந்தாள்.