தண்ணீர்த் தொட்டி நிறுத்தம், 4.58

ஓர் உயிரின் விலை நான்கு நிமிடம்.

துணிக்கடையில் வளர்ந்தவன் நான். எதையும் பாதி விலைக்குக் கேட்டுப் பழகிய குடும்பம். எங்கள் அப்பா டாக்டரிடமே ஊசிக்குத் தள்ளுபடி கேட்டவர். அப்படிப்பட்ட என்னாலும் இந்த விலையில் ஒரு நொடியைக் குறைக்க முடியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நம்பாதவர்கள் ஒருநாள் எங்கள் முதல் டிரிப்பில் கடைசி சீட்டில் உட்கார்ந்து பாருங்கள். டிக்கெட் என் செலவு.

நான் பஸ் கண்டக்டர். எங்கள் டிரைவருக்கு டிப்போவில் வைத்த பெயர் ஆமை. ஓடி வருகிறவருக்குச் செருப்பு அறுந்துபோனால், தைத்துக்கொண்டு வரட்டும் என்று காத்திருக்கும் மனிதர். அதெல்லாம் ஸ்டியரிங்குக்கு மேலே அந்தச் சின்னத் திரை வருவதற்கு முன்பு. வண்டி தாமதமானால் நிமிடக் கணக்கு அதில் சிவப்பாக எரியும். கடைசி நிறுத்தத்திலும் சிவப்பு அணையவில்லை என்றால் மெமோ. மூன்றாவது மெமோவோடு வேலை போய்விடும். ஆமைக்கு இரண்டு வந்தாகிவிட்டது.

இரவு பதினொன்றரைக்கு வண்டியை விட்டவரை, ஆள் இல்லை என்று விடியற்காலை நான்கு மணிக்கே கூப்பிட்டுவிடுவார்கள். ஆறே மாதத்தில் ஆமை வேறு ஆளாகிவிட்டார். சைக்கிள்காரனைக் கெட்ட வார்த்தையில் திட்டினார். சிக்னலில் நிற்பதில்லை. பின்னால் நடப்பதைக் காட்டும் கண்ணாடியைப் பார்ப்பதையே விட்டுவிட்டார். பார்த்ததெல்லாம் அந்தச் சிவப்பு எண்ணை மட்டும்.

நானும் யோக்கியன் இல்லை. ஒரு மணி அடித்தால் நில், இரண்டு அடித்தால் போ. ஆள் முழுதாக ஏறியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் இரண்டு அடிக்க வேண்டும். ஆனால் முன்னாலிருந்து "அடிடா, அடிடா" என்று கத்தல் வந்தால், டிக்கெட் எண்ணிக்கொண்டிருக்கும் தலை நிமிராமலே கை மணிக்கயிற்றை இழுத்துவிடும்.

அன்று வியாழக்கிழமை. 4.40க்குக் கிளம்ப வேண்டிய வண்டி 4.44க்குத்தான் கிளம்பியது. திரையில் சிவப்பு நான்கு.

"டயர் மாத்த லேட் பண்ணது டிப்போக்காரனுங்க, மெமோ எனக்கு," என்றார் ஆமை. "வீட்ல அஞ்சு வாய் காத்திருக்கு தம்பி. நீ தனிக்கட்டை, உனக்கென்ன."

"போங்கண்ணே, புடிச்சிடலாம்."

ஆறு பேர் ஏறினார்கள். ஆறு டிக்கெட். ஆறு பேரும் தூக்கம்.

4.58. தண்ணீர்த் தொட்டி நிறுத்தம். விளக்குக் கம்பத்தின் கீழே யாரும் இல்லை. நிற்காமல் போய்விடலாம்.

டிங்.

பழக்கதோஷத்தில் ஆமை பிரேக்கை மிதித்தார்.

"யாருடா எறங்குறது?"

"நான் அடிக்கலண்ணே..."

மணிக்கயிறு ஆடிக்கொண்டிருந்தது.

பின்படி அழுந்தியது. யாராவது கால் வைத்தால் வண்டி லேசாகச் சாயும். பத்து வருடப் பழக்கம், கண்ணை மூடிக்கொண்டே சொல்வேன். யாரோ கால் வைத்தார்கள்.

ஒரு கால்.

இன்னொரு கால் வரவில்லை...

டிங் டிங்.

வண்டி சீறிக் கிளம்பியது. பின்சக்கரம் எதன் மேலோ ஏறி இறங்கியது.

"இங்க புதுசா வேகத்தடை போட்டுட்டானுங்களாடா?"

"போன வியாழக்கிழமையும் இதையேதான் கேட்டீங்க." சிரித்தேன். பிறகு சிரித்ததாக ஞாபகம் இல்லை.

5.03.

"தம்பி... பின்னாடி அந்தம்மாவுக்கு டிக்கெட் போட்டியா?"

"எந்தம்மா?"

"கடைசி சீட்டு. மடியில பை."

பல மாதம் கழித்து அன்றுதான் அவர் கண்ணாடியைப் பார்த்தார். நான் திரும்பிப் பார்த்தேன். கடைசி சீட் காலி.

தலைகளை எண்ணினேன். ஏழு. மறுபடி எண்ணினேன். ஆறு. விரலை மடக்கி எண்ணினேன்...

ஏழு.

5.09. பின்படியில் ஒரு செருப்பு. பெண் செருப்பு. இடது கால்.

5.11.

சரக்... கொஞ்சம் அமைதி... சரக்...

ஒற்றைச் செருப்போடு நடக்கும் சத்தம்.

"எழுந்துட்டா தம்பி... முன்னாடி வர்றா..."

"அண்ணே, வண்டிய நிறுத்துங்க."

"நிறுத்துனா மெமோடா!"

சரக்...

என் பிடரியில் ஈரம்.

சரக்...

5.20. கடைசி நிறுத்தம். திரையில் சிவப்பு இல்லை. நான்கு நிமிடத்தையும் பிடித்துவிட்டார்.

படியில் நின்று எண்ணினேன். ஆறு பேர் இறங்கினார்கள். ஆமை மட்டும் இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்த கை பிடித்தபடி இருந்தது.

"அவ இன்னும் எறங்கலடா," என்றார். கண் கண்ணாடியில்.

திரும்பி வரும்போது விடிந்திருந்தது. தண்ணீர்த் தொட்டி நிறுத்தத்தில் குதித்து இறங்கி ரோட்டைப் பார்த்தேன். சிலேட்டு மாதிரி சமம். தெரு பெருக்கும் பெண்ணிடம் கேட்டேன்.

"வேகத்தடையா? இங்க எப்பய்யா இருந்துச்சு? போன வியாழக்கிழமை ஒரு பொம்பள அடிபட்டுக் கெடந்தா, இதே எடத்துல. எந்த வண்டின்னே தெரியல. பாவம், ஒரு செருப்பத்தான் எடுத்தாங்க. எடக்கால் செருப்பு கெடைக்கவே இல்ல."

டிப்போவில் போன வியாழக்கிழமையின் டிரிப் ஷீட்டைப் புரட்டினேன். என் கையெழுத்து. புறப்பட்டபோது தாமதம் நான்கு நிமிடம். சேர்ந்தபோது தாமதம் இல்லை. நடுவில் ஒரு வரி: தண்ணீர்த் தொட்டி, 4.58, ஏறியவர் யாருமில்லை.

அந்த வியாழக்கிழமை யாரோ கை காட்டினார்கள். ஒரு மணி அடித்தேன். "அடிடா" என்று கத்தல் வந்தது. இரண்டு அடித்தேன். நான் நிமிரவில்லை.

காவல் நிலைய வாசல்வரை இரண்டு முறை போய்த் திரும்பிவிட்டேன். அஞ்சு வாய் என்று ஆமை சொன்னது காலைப் பிடித்து இழுக்கிறது. முதல் டிரிப் இன்னும் ஓடுகிறது, அதே வண்டி, அதே நாங்கள். தினமும் எண்ணுகிறேன்.

ஏறியவர் ஏழு. இறங்கியவர் ஆறு. பாக்கி ஒன்று.