யாரும் எழுப்பாத சீட்டு

என் கணவர் விமானப்படையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் ராணுவ விமானத்தில் போகும் சலுகை எங்களுக்கு இருந்தது. இடம் மிஞ்சினால்தான் ஏற்றுவார்கள். ஏறி உட்கார்ந்த பிறகும், டியூட்டியில் போகும் அதிகாரி யாராவது வந்துவிட்டால் பெட்டியோடு இறங்கிவிட வேண்டும். எத்தனையோ தடவை இறங்கியிருக்கிறோம். அவருக்குக் கோபமே வராது. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

எழுபதுகளில் அவருக்குத் துபாயில் வேலை கிடைத்தது. முதல் லீவுக்குக் கம்பெனியே இருவருக்கும் டிக்கெட் எடுத்துக் கொடுத்தது. அப்போதும் எல்லோரும் ஏறி முடிக்கும்வரை என்னை ஓரமாக நிற்க வைத்தார். உள்ளே போனதும் ஜன்னலோரத்தை எனக்குக் கொடுத்துவிட்டு, பையை மடியிலேயே வைத்துக்கொண்டார்.

“அதை மேல வையுங்க. இது நம்ம சீட்டு, யாரும் எழுப்ப மாட்டாங்க” என்று சீறினேன்.

“இருக்கட்டும்மா” என்றார்.

கோட்டு போட்ட ஒருவர் முன்னாலிருந்து எங்கள் வரிசையை நோக்கி வந்தார். இவர் பையோடு சட்டென்று எழுந்து, “வா, இறங்கிடலாம்” என்றார். வந்தவரோ எங்களைத் தாண்டிக் கழிவறைக்குப் போனார்.

திட்டத்தான் வாயைத் திறந்தேன். அவர் இன்னும் பையோடு நின்றுகொண்டிருந்தார். பையை வாங்கி என் காலடியில் வைத்தேன். அவரை உட்காரவைத்து, பெல்ட்டை நானே இறுக்கி மாட்டிவிட்டேன்.