வஞ்சியூரில் ஒரு கோலாலம்பூர் நீதிமன்றம்

காலை ஆறரைக்கு நாகர்கோவிலில் ரயில் ஏறினோம், நானும் என் தம்பி மனைவி செல்வியும். திருவனந்தபுரத்துக்கு எழுபது கிலோமீட்டர்.

திருவனந்தபுரத்தின் சாலைக் கடைவீதியில் துணிக்கடை வேலையில் இருந்தவளை, ஹோட்டல் வேலை என்று சொல்லி ஓர் ஏஜெண்ட் மலேசியாவுக்கு அனுப்பினான். அங்கே பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு ஒரு வீட்டில் பூட்டி வைத்தார்கள். ஓயாத வேலை, சம்பளம் கிடையாது, அடி உண்டு. அந்த நாட்டுப் போலீஸ்தான் கதவை உடைத்து மீட்டது. பூட்டி வைத்தவன் மேல் கோலாலம்பூரில் வழக்கு. சாட்சி சொல்ல மறுபடி அங்கே போக அவளுக்கு மனம் வரவில்லை. மலேசிய அரசு நம் அரசிடம் உதவி கேட்டது. ஏஜெண்ட் மேலான வழக்கு திருவனந்தபுரத்தில் இருப்பதால், அங்குள்ள வஞ்சியூர் நீதிமன்றத்தில் வீடியோ வழியே பேச ஏற்பாடு ஆயிற்று.

தம்பானூர் ரயில் நிலையத்திலிருந்து கோர்ட்டுக்கு ஆட்டோ ஐம்பது ரூபாய். டிரைவர் வள்ளியூர்க்காரர்; இங்கே ஓட்டி ஓட்டிப் பேச்சில் மலையாளம் ஏறியிருந்தது. சாட்சி சொல்லப் போகிறோம் என்றேன்.

"சாட்சியா? பையப் போலாம்க்கா. சமயத்துக்கு ஒண்ணும் விளிக்க மாட்டாங்க, கேட்டோ."

அவர் சொன்னது நடக்கவில்லை. சரியாகப் பதினொன்றரைக்குத் திரை ஒளிர்ந்தது. கோலாலம்பூரில் அப்போது பிற்பகல் இரண்டு மணி. கறுப்பு அங்கியில் ஒரு பெண் நீதிபதி. அவர் பக்கத்திலிருந்த மொழிபெயர்ப்பாளர் அந்த நாட்டுத் தமிழில் கேட்டார்:

"அம்மா, நான் பேசறது விளங்குதா?"

செல்வி நிமிர்ந்து பார்த்தாள். அந்த ஊரில் அவளிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை.

கேமரா குற்றவாளிக் கூண்டுப் பக்கம் திரும்பியது. உங்களைப் பூட்டி வைத்தவர் இவரா என்று கேட்டார்கள். அவள் திரையிலிருந்து பார்வையை விலக்கிக் குனிந்துகொண்டாள். நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார். கடலுக்கு இந்தப் பக்கம் ஓர் அறை, அந்தப் பக்கம் ஓர் அறை. இரண்டிலும் ஒருவரும் அசையவில்லை.

அருகில் நின்ற அரசு வக்கீல் பிந்து மெதுவாகச் சொன்னார்: "பேடிக்கண்டா செல்வி, பயம் வேண்டாம். தெரிஞ்சதச் சொன்னா மதி, அது போதும்."

"இவன்தான்" என்றாள் செல்வி. "வெளிய பூட்டுப் போட்டது இவன்தான்."

அது மலாய் மொழியில் திரும்பச் சொல்லப்பட்டது. நீதிபதி எழுதிக்கொண்டார். கூண்டில் நின்றவன் தலை குனிந்தான். பிறகு அவன் வக்கீல் இரண்டு மணி நேரம் குறுக்குக் கேள்வி கேட்டார்; அவள் தடுமாறவே இல்லை. சில மாதங்களில் அவனுக்குச் சிறைத்தண்டனை என்று செய்தி வந்தது.

எங்கள் ஊர்த் தாலுகா அலுவலகத்தில் ஒரு கையெழுத்துக்கு நான் எத்தனையோ முறை நடந்திருக்கிறேன். இங்கே ஒரு பெண்ணின் ஒரு வார்த்தைக்காக இரண்டு நாடுகள் உட்கார்ந்திருந்தன.

அன்று மாலை, ஊர் திரும்பும் ரயிலில், எதிரே இருந்த அம்மா பேச்சுக் கொடுத்தார்: "எங்க போயிட்டு வாறீங்க?"

மலேசியா என்ற பேச்சையே இதுவரை வெளியாரிடம் எடுக்காத செல்வி நிதானமாகப் பதில் சொன்னாள்:

"மலேசியா கோர்ட்டுல சாட்சி சொல்லிட்டு வாறேன்."