ஓக்பூன் அக்கா ஒட்டிய தகடுகள்

எங்கள் சபையில் ஓக்பூன் அக்காவுக்கு ஒரே வேலைதான். புதிதாகச் சேரும் குடும்பத்தின் வீட்டுக் கதவில் தகடு ஒட்டுவது. உள்ளங்கை அகலத் தகடு; மேலே சிவப்புச் சிலுவை, கீழே சபையின் பெயர். இஞ்சியோன் நகரத்தில் எங்கள் பக்கத்து அடுக்குமாடிகளில் அவள் ஏறாத மாடி இல்லை. பையில் துணி, பசை, அளவு நாடா எப்போதும் இருக்கும். நான் ஒட்டிய தகடு ஒரு நூல் சாய்ந்திருந்தாலும் பிய்த்துவிட்டு மறுபடி ஒட்டுவாள். "இப்படிக் கோணலா வெச்சா கர்த்தருக்கே கழுத்து வலிக்கும்டி" என்பாள். அதற்காக நாங்கள் போட்ட சண்டைகள் கொஞ்சநஞ்சமல்ல.

ஒரு தகட்டின் மேல் அப்படி என்ன பிடிப்பு? அவள் விக் தொழிற்சாலையில் வேலை பார்த்த காலத்தில் புருஷன் திடீரென்று செத்துப்போய்விட்டான். மகன் அப்போது கைக்குழந்தை. துதிப்பாட்டு என்று பொருள்படும்படி அவனுக்குச் சான்சொங் என்று ஆசையாகப் பெயர் வைத்திருந்தாள். அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தவளின் கதவை நாலாவது மாடிக்காரி ஒருத்தி வந்து தட்டினாள். முன்பின் பேசியதில்லை. "உங்க கதவுல தகடு பாத்தேன். எங்க வீட்லயும் அதேதான்" என்று மட்டும் சொல்லிவிட்டு, அடுப்படிக்குப் போய்க் கஞ்சி வைத்தாள். ஒரு மாதம் தினமும் வந்து வைத்தாள். அந்த நாலாவது மாடிக்காரி நான்தான்.

காலம் மாறிவிட்டது என்று போதகர் பிரசங்கத்தில் லேசாகச் சொல்லிவிடுகிறார். எனக்கு அப்படிச் சொல்ல வரவில்லை. முதலில் வீட்டை விற்கிறவர்கள் தகட்டை எடுக்கச் சொன்னார்கள். பிறகு நோய்க்காலம் வந்தது. கூட்டம் கூடி நோயைப் பரப்புகிறவர்கள் என்று எங்களை ஊரே பேசியது. எங்கள் ஆட்களில் சிலர் தெருவில் ஒலிபெருக்கி வைத்துக் கத்தியதும் சேர்ந்துகொண்டது. சபைக் குடும்பம் ஒன்றுக்கு வந்த புது மருமகள் அக்காவிடம் நேராகவே சொன்னாள்:

"ஆன்ட்டி, தப்பா எடுத்துக்காதீங்க. யாராவது பாத்தா எங்களையும் அந்த மாதிரி ஆளுங்கன்னு நெனைப்பாங்க."

"எந்த மாதிரி ஆளுங்கம்மா?"

அவள் உள்ளே போனாள். தலைமுடி உலர்த்தும் கருவியை எடுத்து வந்து அக்கா கையில் கொடுத்தாள். சூடு காட்டினால் பசை இளகும். ஒட்டுவதையே ஊழியமாகச் செய்தவள், அந்த வருடங்களில் பிய்க்கவும் பழகிக்கொண்டாள்.

"போகட்டும்டி. என் பிள்ளை வீட்டுக் கதவுல இருக்கு. எனக்கு அது போதும்" என்பாள். கல்யாணமாகிச் சான்சொங் புது அபார்ட்மெண்டுக்குப் போனபோது அவளே போய் ஒட்டிய தகடு அது. மாதம் ஒருமுறை, முட்டைக்கோஸைக் காரமாக ஊறவைத்த கிம்ச்சி எடுத்துக்கொண்டு போவாள். கீழ் வாசலில் இருந்து போன் செய்தால்தான் மேலே போகக் கதவு திறக்கும். மேலே போனால் தகடு புதுசு போல மின்னும். "பாரு, என் மருமக தினம் தொடச்சு வைக்கிறா" என்று என்னிடம் பீற்றிக்கொள்வாள்.

போன நவம்பரில் குளிர்காலக் கிம்ச்சி போட்டு முடித்ததும், இரண்டு டப்பாக்களைத் தூக்க முடியாமல் என்னையும் அழைத்துப் போனாள். பஸ்ஸிலேயே போன் செய்து, பத்து நிமிடத்தில் வருகிறோம் என்று சொல்லிவிட்டாள். அன்று யாரோ வீடு மாறிக்கொண்டிருந்ததால் கீழ்க்கதவு திறந்தே கிடந்தது. மறுபடி போன் செய்யாமல் நேராக ஒன்பதாவது மாடிக்குப் போனோம்.

கதவு வெறுமையாக இருந்தது.

"மாடி மாறி வந்துட்டோமாடி?" என்றாள் அக்கா. எண்ணைப் பார்த்தேன். சரியான எண்தான்.

அப்போது கதவு திறந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு சான்சொங் வெளியே வந்தான். கையில் தகடு.

"அம்மா... கீழேர்ந்து நீ கூப்பிடலையே" என்றான். முகத்தில் ஈயாடவில்லை.

அக்கா தகட்டை வாங்கித் திருப்பினாள். கோழி வறுவல் கடைக்காரன் விளம்பரத்துக்குத் தரும் காந்தத்தைக் கத்தரித்துப் பின்னால் ஒட்டியிருந்தார்கள். பாதி கோழித்தலை தெரிந்தது. இரும்புக் கதவு, வைத்தால் ஒட்டிக்கொள்ளும், இழுத்தால் வந்துவிடும்.

"எத்தனை நாளாடா?"

"நாலு வருஷம்மா."

"அப்ப ஞாயித்துக்கிழமை சபைக்குப் போறோம்னு சொன்னது?"

அவன் தலை குனிந்தான். பின்னால் மருமகள் காயோன், "அத்தை, உங்க மனசு நோகக் கூடாதுன்னுதான்..." என்று இழுத்தாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உங்கம்மா மனசு நோகக் கூடாதுன்னு சிலுவையைக் கொண்டுபோய் டிராயர்ல வெச்சியாடா?"

"சித்தி, நம்பிக்கை வரலைன்னா நான் என்ன பண்றது? நடிக்கத்தான் முடிஞ்சுது" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது.

அக்கா தகட்டை அவனிடமே கொடுத்தாள். "உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கும். புளிக்க விட்டுச் சாப்பிடுங்க" என்று டப்பாக்களை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டாள். "எனக்கு ஒண்ணுன்னப்போ நீ வந்தே. இவனுக்கு ஒண்ணுன்னா எந்தக் கதவைப் பாத்து யாருடி வருவா?"

கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். நாற்பது வருடமாக ஊருக்கெல்லாம் அதைத்தானே சொன்னேன். அன்று சொல்ல முடியவில்லை. மறுநாள் அதிகாலை ஜெபத்தில் எல்லோரும் சத்தமாக மன்றாடும்போது ஓரக்கண்ணால் அவளைப் பார்த்தேன். உதடு அசையவே இல்லை.

டிசம்பரில் மறுபடி கிளம்பினோம். அக்கா கீழ் வாசலில் நின்று, "வந்துட்டேன்டா" என்று போனில் சொன்னாள். கதவு திறந்தது. லிஃப்ட் வந்தது. அவள் ஏறவில்லை.

"என்னக்கா?"

"இருடி. அவனுக்குக் கொஞ்சம் நேரம் குடு."

இரண்டு முறை லிஃப்டை விட்டுவிட்டு மூன்றாவதில் ஏறினோம். ஒன்பதாவது மாடியில், கதவில் தகடு இருந்தது. அவசரத்தில் வைத்ததால் நன்றாகவே சாய்ந்திருந்தது. அக்கா அதைப் பார்த்தாள். சரிசெய்யவில்லை. காலிங் பெல்லை அழுத்தினாள்.