பட்டுக்கு ஆகாத கை

கல்யாணமாகி வந்த மறுநாள் காலையிலேயே என் மாமியார் வீட்டுப் பெண்களின் கைகளைப் பங்கு பிரித்துவிட்டார். மகளின் கை பட்டுக்கு. என் கை சலவைச் சோடாவுக்கு.

வாலாஜாபாத்துக்கும் ஒரகடத்துக்கும் நடுவில் எங்கள் ஊர். எழுபதுகளின் தொடக்கம் அது. நிலம் கொஞ்சம் உண்டு. கூடவே காஞ்சிபுரத்து நெசவுக்காரர்கள் கொடுத்தனுப்பும் பட்டு நூலை ராட்டையில் சுற்றிக் கொடுக்கும் வேலையும் வீட்டில் நடந்தது. பட்டு நூல் பொல்லாதது. விரல் நுனியில் ஒரு பொருக்கு இருந்தால் போதும், இழை அதில் மாட்டிப் பிசிறடித்துவிடும். அதனால் ராட்டையில் உட்காருகிறவள் பாத்திரம் தேய்க்கக் கூடாது, துணி துவைக்கக் கூடாது, மிளகாய் அரைக்கக் கூடாது. காஞ்சிபுரத்தில் என் அம்மா வீட்டிலும் இதே சட்டம்தான். ராட்டையடியில் வளர்ந்தவள் நான். பெண் பார்க்க வந்தபோது மாமியார் என் விரல்களைத் தடவிப் பார்த்து, கை நன்றாக இருக்கிறது என்றார். ராட்டைக்குத்தான் ஆள் தேடுகிறார்கள் என்று என் அம்மா பூரித்துப் போனாள்.

ராட்டை நாத்தனாருக்கு. மிச்சமெல்லாம் எனக்கு. என் கணவர் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு லேத் பட்டறையில் ஷிப்ட் வேலை பார்த்தார். அவருடைய காக்கித் துணியில் ஏறிய கிரீஸ் வெறும் சோப்புக்கெல்லாம் அசையாது. மண்ணெண்ணெய் விட்டுக் கசக்கி, வாஷிங் சோடா கரைத்த வெந்நீரில் ஊற வைத்து, கல்லில் அடித்துத் துவைக்க வேண்டும். அது முடிந்தால் பித்தளைப் பாத்திரங்களுக்குச் சாம்பலும் செங்கல் தூளும் புளியும். பிறகு அம்மியில் காய்ந்த மிளகாய். கிணற்றுத் தண்ணீரோ உப்பு; கை காய்ந்ததும் வெள்ளை பூத்துவிடும். முதலில் தோல் இழுத்துப் பிடித்தது. அப்புறம் சொரசொரத்தது. மார்கழி வந்ததும் விரல் மடிப்புகள் வெடித்து ரத்தம் கசிந்தது. சோறு பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிட்டேன். துரைசாணி என்று வீடே கேலி செய்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வாலாஜாபாத்தில் ஒரு டாக்டர் களிம்பு எழுதிக் கொடுத்துவிட்டு, கொஞ்ச நாளைக்குக் கையைத் தண்ணீரிலும் சோடாவிலும் வைக்க வேண்டாம் என்றார். நல்ல மனுஷன். அவரே வந்து துவைத்துக் கொடுப்பாரா என்று என் கணவரிடம் கேட்டேன். கணவர் சிரித்தார். நான் சிரிப்புக்காகக் கேட்கவில்லை.

ஒரே ஒரு நம்பிக்கையில்தான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். நாத்தனார் புருஷன் வீட்டுக்குப் போய்விட்டால் ராட்டை எனக்கு வந்துவிடும். அவளை மண்ணூரில் கட்டிக் கொடுத்தார்கள். மாமியாரே என்னைக் கூப்பிட்டு ராட்டைக்கு முன்னால் உட்கார வைத்தார். நூலைப் பிடித்தேன். விரலில் மாட்டி அறுந்தது. முடிச்சுப் போட்டு மறுபடி பிடித்தேன். மறுபடி அறுந்தது. தினமும் படுக்கும் முன் விளக்கெண்ணெய் தடவி, கொஞ்ச நாள் துவைக்கிற கல் பக்கம் போகாமல் இருந்தால் விரல் பழையபடி ஆகிவிடும் என்று கெஞ்சினேன். மாமியார் நூலை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"இந்தக் கையி பட்டுக்கு ஆவாது. போய் துணிய ஊற வை."

ராட்டை பரண் மேல் ஏறியது. அதற்கப்புறம் அந்த வீட்டில் பட்டு நூலை நான் தொடவேயில்லை.

எல்லாருக்கும் வயதாகிறது. மாமியார் படுத்த படுக்கையானார். அவருடைய தோலும் காய்ந்து வெங்காயச் சருகாகிவிட்டது. உடம்பு துடைத்துவிட ஆள் வேண்டும். என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? முதல் நாள் முதுகில் கை வைத்ததுமே நெளிந்தார்.

"கையா அது, கீறுது. துணிய சுத்திக்கினு தொடு."

"இது நீங்க செஞ்ச கைதான் அத்தே" என்றேன். இத்தனை வருஷத்தில் அவரை எதிர்த்து நான் சொன்னது அது ஒன்றுதான். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். மறுநாளும் துணி கேட்டார். பழைய வேட்டியைக் கிழித்துக் கையில் சுற்றிக்கொண்டுதான் அதன் பிறகு அவரைக் குளிப்பாட்டினேன், துடைத்தேன், புரட்டிப் படுக்க வைத்தேன்.

ஒரு தடவை நாத்தனார் வந்தாள். அம்மாவின் காலைப் பிடித்துவிட உட்கார்ந்தபோது அவள் கையைப் பார்த்தேன். வெடிப்பு, காய்ப்பு, நகக்கண்ணில் கறுப்பு. மண்ணூரில் அவளுக்கும் ஒரு மாமியார் இருந்தார். அந்தக் கை மேலும் கீழும் போகப் போக, என் மாமியார் கண்ணை மூடிக்கொண்டு, எம் பொண்ணு கை எவ்ளோ இதமா கீது என்றார். நாத்தனார் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டேன்.

மாமியார் உயிர் போன அன்று, தலைக்கு எண்ணெய் சீயக்காய் வைக்க மருமகளைக் கூப்பிட்டார்கள். பழக்க தோஷத்தில் துணியைச் சுற்றிக்கொண்டே போயிருக்கிறேன். அவரருகில் உட்கார்ந்த பிறகுதான் கவனித்தேன். அவிழ்த்துக் கீழே போட்டேன். வெறுங்கையில் எண்ணெயை ஊற்றி, நெற்றியிலிருந்து உச்சிவரை தேய்த்தேன். கொஞ்சம் அழுத்தித்தான் தேய்த்தேன். அவர் முகம் சுளிக்கவில்லை.